சிவக்காத தோல்

எண்பதுகளின் தொடக்கம். சிங்கப்பூரில் தாதிப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்புக்கு அப்போதுதான் ஒரு டிவியும் வீடியோ பிளேயரும் வந்திருந்தன. அதுவரை வார்டில் நோயாளி பக்கத்தில் நின்று கற்ற பாடங்களில் பாதியை, இங்கிலாந்திலிருந்து வந்த கேஸட்டுகளுக்கு மாற்றிவிட்டார்கள். ஆசிரியை பட்டனைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. படுக்கைப்புண் பாடத்தை மூன்று தடவை போட்டுப் பார்த்து, தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினேன். அதில் எனக்கு எவ்வளவு திமிர் தெரியுமா!

அந்தத் திமிரோடுதான் வார்டுக்குப் போனேன். பக்கவாதத்தில் விழுந்த ஒரு லாரி ஓட்டுநரை என் பொறுப்பில் விட்டார்கள். நம்ம ஆள், என்னைப்போல நல்ல கறுப்பு. பேசவும் முடியாது, புரளவும் முடியாது. அவர் மனைவிக்கு சிராங்கூன் ரோட்டில் ஒரு மசாலா மில்லில் வேலை. தினமும் வேலை முடிந்து மல்லி வாசனையோடு வந்து, முதல் காரியமாகக் கணவரின் இடுப்புக்குக் கீழே கைவைத்துப் பார்ப்பார்.

“மிஸி, இந்த எடம் மட்டும் சூடா இருக்கு. கல்லு மாதிரி இருக்கு. கொஞ்சம் பாருங்களேன்.”

குனிந்து பார்த்தேன். தோல் சிவந்தால் ஆபத்து என்று கேஸட் சொல்லியிருந்தது. சிவக்கவே இல்லை.

“ஒண்ணுமில்லக்கா. நாங்க இதெல்லாம் படிச்சுட்டுத்தான் வந்திருக்கோம்” என்று வெடுக்கென்று சொன்னேன். மறுநாளும் கேட்டார், அதே பதில். மூன்றாம் நாள் அவர் கேட்கவில்லை. மூன்று நாளும் குறிப்பேட்டில், தோல் நன்றாக இருக்கிறது என்று எழுதி வைத்தேன்.

நான்காம் நாள் காலை உடம்பு துடைத்துவிடும்போது தோல் உரிந்து துணியோடு வந்தது. உள்ளே அழுகிக் குழி விழுந்திருந்தது. வாய் பேச முடியாத மனிதர், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மாலையில் வந்த அந்த அக்கா என்னைத் திட்டவில்லை.

“நான் சொன்னேன்லா மிஸி” என்றார். அதற்குப் பிறகு எதுவானாலும் வேறு தாதியிடம்தான் போய்க் கேட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நேரே ஆசிரியையிடம் போய், கேஸட் சொன்னது தவறு என்றேன். கேஸட்டில் தவறே இல்லை, நான்தான் சரியாகக் கவனிக்கவில்லை என்றார். சட்டைக் கையை ஏற்றி, என் கையை அவர் மேசைமேல் வைத்து அழுத்திக் கிள்ளினேன். இதில் சிவப்பு எங்கே தெரிகிறது, காட்டுங்கள் என்றேன். மறுவாரம் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதே கேஸட் அடுத்த வகுப்புக்கும் ஓடியது.

இப்போது தாதியர் படிப்பில் பாதி கணினித் திரையிலேயே நடக்கிறது என்கிறார்கள். நடக்கட்டும். அதில் காட்டுவது யாருடைய தோல் என்று மட்டும் நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். கேஸட் எடுத்தவர்கள் என்னைப்போன்ற தோலைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். தினமும் கண்ணாடியில் பார்த்த நான், அந்த அக்கா இரண்டு நாள் சொல்லியும் ஒரு தடவைகூடக் கைவைத்துப் பார்க்கவில்லையே, என்மேல் எனக்குள்ள அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.