ஜெயகௌரியின் வலது கண்

ரெய்னர்ஸ் லேன் பக்கம் கல்யாண வீடு என்றால் சாறி பிளவுஸுக்கு ஜெயகௌரியிடம்தான் வருவார்கள். பதினாறு வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டன் வந்தவர். முன் அறையில் தையல் மெஷினைப் போட்டு, வீட்டுச் செலவில் பாதியை அதிலேயே பார்த்தார்.

அவருடைய கணவர் ஆனந்தராஜா, டைல்ஸ் பதிக்கிறவர். ஜெர்மனியில் பழகிய பியரை இங்கே தானே தயாரித்தார். தோட்டத்து ஷெட்டில் புளிக்கவைத்து, போத்திலில் ஊற்றும்போது ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி சீனி போட்டு மூடியை இறுக்குவார். மிச்சமுள்ள ஈஸ்ட் அந்தச் சீனியைத் தின்று இரண்டு கிழமையில் நுரைக்கிற காஸ் உண்டாக்கும்.

மே மாதம் ஷெட்டில் குளிர் விடவில்லை, காஸ் பிடிக்கவில்லை. கிங்ஸ்பரியிலிருந்து வந்த நண்பர் நித்தியானந்தன் எல்லோருக்கும் முன்னால் கிளாசைத் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணை, இது பியரோ, சட்டி கழுவின தண்ணியோ?"

ஆனந்தராஜாவும் சேர்ந்து சிரித்தார். அடுத்த முறை ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி போட்டார்.

"இவ்வளவு போட்டால் வெடிக்காதோ?" என்று ஜெயகௌரி கேட்டார்.

"நீர் உம்மடை தையலைப் பாரும்."

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். அதே நண்பர்கள் வந்திருந்தார்கள். இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த ஆனந்தராஜா, மனைவியை ஷெட்டிலிருந்து ஆறு போத்தில் எடுத்துவரச் சொன்னார். முதல் போத்தில் ஜெயகௌரியின் கையிலேயே வெடித்தது.

ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். மனைவி போத்திலைக் குலுக்கிவிட்டார் என்று ஆனந்தராஜா ஆங்கிலத்தில் சொன்னார். அந்தளவு ஆங்கிலம் ஜெயகௌரிக்கு விளங்கும்.

"நான் எங்கை குலுக்கினனான்?"

"வேறை என்னத்தைச் சொல்ல?"

வலது கண்ணிலிருந்து கண்ணாடித் துண்டை எடுத்தார்கள். பார்வை திரும்பவில்லை. அந்த மாதமே மூன்று மணப்பெண்களின் தாய்மார் வந்து, "ஆறுதலாச் சுகமாகுங்கோ அக்கா" என்று சொல்லித் துணிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஓகஸ்ட் கடைசியில் ஜெயகௌரி ஷெட்டைத் திறந்தார். மிச்சப் போத்தில்கள் அப்படியே இருந்தன. மூலையில் ஒரு வாளியில் இரண்டு போத்திலின் உடைந்த கண்ணாடி. அதன்மேல் ஆனந்தராஜா டைல்ஸ் வெட்டும்போது போடும் பாதுகாப்புக் கண்ணாடி.

வேலை முடிந்து வந்த கணவரிடம் கேட்டார். "உது எப்ப வெடிச்சது?"

"அந்த ஞாயிறுக்கு முதல் வெள்ளிக்கிழமை. ரெண்டு போத்தில்."

"தெரிஞ்சுகொண்டோ என்னை அனுப்பினீங்கள்?"

"எல்லாம் வெடிக்குமெண்டு ஆர் கண்டது? வேண்டாமெண்டு சொல்லியிருந்தால் நித்தி இன்னும் சிரிச்சிருப்பான்."

மறுநாள் ஜெயகௌரி அந்தப் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தடித்த துவாய்த் துணியால் சுற்றிச் சுற்றி, முப்பத்திநாலு போத்தில்களையும் திறந்து புல்லில் ஊற்றினார். ஒன்றையும் விடவில்லை.

எட்டு நாள் ஆனந்தராஜா அவருடன் பேசவில்லை. அடுத்த முறை நண்பர்கள் வந்தபோது, கடையில் வாங்கிய பியரை ஊற்றியபடி சொன்னார்: "ஒரு சொல்லுக் கேக்காமல் எல்லாத்தையும் ஊத்திப்போட்டாள். இரக்கமில்லாதவள்."

"எவ்வளவு மினக்கெட்டிருப்பியள்," என்றார் நித்தியானந்தன். மற்றவர்களும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள்.