பாய்க்கு வெட்டிய பொலித்தீன்

பொம்மைப் பாய்க்கப்பல் செய்வதில் கடினமான வேலை, வேண்டாத கனத்தைக் களைவதுதான். இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பத்து வயதில், அந்த வேலையை நான் நன்றாகவே செய்தேன். அதற்குப் பிறகு எவ்வளவோ படித்தேன், உத்தியோகம் பார்த்தேன். இப்போது முழங்கால் ஓய்ந்து உட்கார்ந்திருக்கையில் அந்தக் கப்பல்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

முள்முருங்கைக் கட்டையைக் குடைந்து உடல் செய்தேன். தேயிலைக்கு நிழல் தரும் மரம்; காய்ந்தால் தக்கைபோல் ஆகிவிடும். மறுபக்கத்து வெளிச்சம் தெரியும்வரை சுரண்டினேன். ஆனாலும் தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த குட்டையில் ஒவ்வொரு முறையும் பெரியப்பா மகனின் கப்பலே முந்தியது. என் துணிப் பாய் தண்ணீரைக் குடித்துக் கப்பலையே சாய்த்தது.

"என்னடா, கருங்கல்லுல செஞ்சியா?" என்று சிரித்தான் அந்த அண்ணன்.

அம்மாவிடம் ஒரு பொலித்தீன் தாள் இருந்தது. உரமூட்டையின் உள்ளுறை, தோட்டத்து உர ஸ்டோருக்குப் பலமுறை நடந்து கேட்டு வாங்கியது. மழையில் கொழுந்தெடுக்கும்போது தலையோடு போர்த்திக்கொள்வாள். அதுவரை கம்பளிதான். நனைந்த கம்பளி ஒரு ஆள் கனம் கனக்கும். எனக்குத் தம்பியோ தங்கையோ வரவிருந்ததால் இனி அதைச் சுமக்க முடியாது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

நான் தாளின் நடுவில் வெட்டினேன். மிச்சத்தை ஓடையில் விட்டுவிட்டு, காற்று கொண்டுபோய்விட்டது என்றேன். அம்மா, நாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கீழே செடிசெடியாகத் தேடினாள். பிறகு கம்பளியைப் போர்த்திக்கொண்டு மலைக்குப் போனாள்.

ஒரு வாரம் மழை விடவில்லை. விட்ட அன்று மாலை என் கப்பல் முதலில் கரை தொட்டது. வீட்டுக்கு ஓடிவந்தேன். காலையில் சரிவில் சறுக்கி விழுந்தாளாம், அம்மா சுருண்டு படுத்திருந்தாள். கம்பளி வாசலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"கப்பல் ஓடுச்சாய்யா?"

"ஓடுச்சும்மா. கனமே இல்ல."

"பாய் எதுல வச்ச?"

நான் கப்பலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை. அன்றும் சரி, சாகும்வரையும் சரி.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாலு நாள் கழித்து வெறுங்கையோடு திரும்பினாள். தொட்டில் கட்டுவதற்கென்று துவைத்து வைத்திருந்த சேலையை எடுத்து, மெதுவாக மடித்து, பெட்டியின் அடியில் வைத்தாள். பக்கத்தில் நின்று நானும் அதைத் தொட்டுப் பார்த்தேன். கனமான துணி, பாய்க்கு ஆகாது என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.