அசனத்துக்காகக் கழற்றிய கம்பி

பெர்சிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, காது மடல்தான் சிவக்கும். அன்று ஆஸ்பத்திரியில் இரண்டு காதும் தீயாய் எரிந்தன.

அவள் மகன் அபிலாஷ் பிறந்தபோதே பாதங்கள் இரண்டும் உள்ளே மடங்கியிருந்தன. நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்கு வாராவாரம் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய், ஆறு மாவுக்கட்டு போட்டு, குதிகால் தசைநாரில் சின்னதாய் ஒரு வெட்டும் போட்டுத்தான் நேரானது. பிறகு இரண்டு காலையும் இணைக்கும் கம்பி வைத்த பூட்ஸ். குளிக்கிற நேரம் தவிர மூன்று மாதம் கழற்றவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

லீவு முடிந்து பெர்சி பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போனதும், பிள்ளையைப் பார்த்துக்கொண்டது கணவன் ஜெர்சனின் அக்கா கிருபாபாய். மூன்று வாரம் கழித்துக் காட்டப் போனால், இடது பாதம் மறுபடி மடங்க ஆரம்பித்திருந்தது.

"கம்பிய ஒழுங்காப் போட்டீங்களாம்மா?" என்று டாக்டர் அத்தனை பேர் முன்னால் கேட்டார். பெற்றவள் கூனிக்குறுகி நின்றாள்.

வீட்டுக்கு வந்து கேட்டாள். கிருபாபாய் மழுப்பக்கூட இல்லை.

"ஏளா, கோயில் அசன விருந்துக்குன்னு மூணு வாரமா ஊரெல்லாம் வீட்டுக்கு வந்து போகுது. என் மகளப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேற வாராங்க. பிள்ளையக் கம்பியோட காட்டச் சொல்லுதியா? பரம்பரை வியாதின்னுல்லா பேசுவாங்க. நீ வாரதுக்கு முன்ன மாட்டிருவேன்."

"தினமும் பகல் பூராவுமா மைனி கழத்திப் போட்டீங்க?"

விலங்கியலில் எம்.எஸ்சி. படித்த கிருபாபாயின் வாய் அது! யாரோ ஒருத்தன் முகம் சுளிக்காமலிருக்க, பேசத் தெரியாத பிள்ளையின் காலைப் பணயம் வைப்பார்களா? ஜெர்சனோ, "அக்கா நல்லதுக்குத்தான..." என்று இழுத்தான்.

மறுபடி மாவுக்கட்டு. அவள் சம்பளமில்லா லீவு எழுதிக் கொடுத்தாள்.

அவர்கள் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரின் மேல் காரணம் எழுதிக் கொடுத்தால், குருவானவர் மைக்கில் வாசிப்பார். பிறந்தநாள், திருமணநாள், வேலை கிடைத்தது என்றுதான் எழுதுவார்கள். அந்த ஞாயிறு பெர்சியும் ஒரு கவர் கொடுத்தாள்.

குருவானவர் வழக்கமான ராகத்தில் வாசித்தார்: "ஜெர்சன், பெர்சி குடும்பத்தார். எங்கள் மகன் மடங்கிய பாதங்களோடு பிறந்தான். வைத்தியத்தில் நேரானது. அசனத்துக்கு வந்தவர்கள் பார்க்கக் கூடாதென்று கம்பியைக் கழற்றி, மறுபடி மடங்க வைத்தோம். இனி மறைக்க மாட்டோம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

பாதியிலேயே அவருக்கு உறைத்துவிட்டது, ஆனால் நிறுத்த வழியில்லை. பெர்சி, கட்டுப் போட்ட கால் எல்லாருக்கும் தெரியும்படி பிள்ளையை நிமிர்த்திப் பிடித்திருந்தாள்.

சபை முழுவதும் "ஆமென்" என்றது. முன்வரிசையில் கிருபாபாயும் பழக்கத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டாள்.