வானுக்கு அடியில் படுத்துப் பார்க்கும் ரஜனி அக்கா

இன்றைக்குக் காலையில் நான் சந்தித்த ஆளைப் பற்றி இப்போதே எழுதாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பெயர் ரஜனி. வயது நாற்பத்திமூன்று. ஊர் கொட்டாஞ்சேனை. தொழில், மற்றவர்களின் வான் வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து படுப்பது.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தேன்.

வாகன இறக்குமதி நின்றுபோயிருந்த வருடங்களுக்குப் பிறகு பழைய வான்களுக்கு வந்த மவுசு உங்களுக்குத் தெரியும்தானே. இருபத்தைந்து வயது வானைக்கூட ஆட்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். வாங்க வருகிறவர் எஞ்சினை உறுமவிட்டுக் கேட்பார். ஏசியைப் போட்டுக் கையை நீட்டிப் பார்ப்பார். ரேடியோவில் பாட்டு வருகிறதா என்று பார்ப்பார். குனிந்து கீழே மட்டும் பார்க்கமாட்டார். சேட் அழுக்காகும், முழங்கால் நோகும், போதாததற்கு விற்கிறவர் தேத்தண்ணியும் கொடுத்துவிட்டார். அந்தக் குனியாத ஆட்கள் எல்லோருக்காகவும் குனிகிற ஒரே ஆள் ரஜனி அக்கா.

இன்றைக்கு அவர் வந்தது வெள்ளவத்தையில் எங்கள் லேனுக்கு. கடலில் இருந்து எண்ணி நூறு அடி. எங்கள் மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் சிவபாலன் அங்கிள் தன்னுடைய வானை விற்கப்போகிறார். அங்கிள் ஓய்வுபெற்ற நில அளவையாளர். பதினெட்டு வருடமாக அந்த வானைப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறார். உண்மையில், தன் பிள்ளைகளைவிடக் கூடுதலாக அதற்குத்தான் பொலிஷ் போட்டிருக்கிறார். வாங்க வந்தவர் துஷ்யந்தி, ரஜனி அக்காவை அழைத்ததும் அவர்தான். ஹட்டன் பக்கத்தில் பிறந்து ஒருகொடவத்தையில் இருக்கிறார், வயது முப்பத்திமூன்று. ஆறு வருடமாக யாரோ ஒருவருடைய வானில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர். அந்த முதலாளி வெளிநாடு போய்விட்டார். இனிச் சொந்த வான்தான் என்று முடிவெடுத்து, பதினொரு பிள்ளைகளின் பெற்றோரிடம் வார்த்தையும் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத் தவணை தொடங்குகிறது. இன்றைக்குச் சனிக்கிழமை. வான் கிடைக்காவிட்டால் அந்தப் பதினொன்றும் வேறு வானுக்குப் போய்விடும். துஷ்யந்தி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றதற்குக் காரணம் அதுதான்.

ரஜனி அக்கா தோளில் ஒரு சுருளோடு வந்தார். விரித்தால், உயர்தரப் பரீட்சைக்கான இரசாயனவியல் டியூஷன் வகுப்பு ஒன்றின் பழைய பெனர். அதில் அச்சடித்திருந்த மாஸ்டரின் மலர்ந்த முகத்தில் முதுகை வைத்துத்தான் அக்கா படுப்பார். கணவருடைய ஓவரோலை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுப் போட்டிருந்தார். கையில் ஒரு டோர்ச், ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு ஈபிள் கோபுரம்.

ஈபிள் கோபுரம் என்றால், பிரான்ஸ் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுக்கும், ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம். இரும்பு இருக்கும் இடத்தில் ஒட்டும். கறளை, அதாவது துருவை, மறைக்க உள்ளே பட்டிப் பசையை அப்பி மேலே பெயின்ற் அடித்திருந்தால் விழுந்துவிடும்.

சிவபாலன் அங்கிளின் மனைவி சரோஜினிதேவி ஆன்டி தட்டில் வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்தார்.

"குடியும் பிள்ளை. வெயிலுக்க வந்தனீர்."

"வெளிய வந்து குடிக்கிறேன் ஆன்டி. குடிச்சிட்டுக் கீழ போனா ஓட்டை எல்லாம் சின்னதா தெரியும்."

அங்கிளின் முகம் சுருங்கியது. "என்ர வானில ஓட்டை இல்லை. இஞ்ச பாரும், ஃபைல். இன்சூரன்ஸ் இருக்கு. புகைச் சேர்ட்டிபிக்கற் இருக்கு. எல்லாம் பாஸ்."

"நல்லது அங்கிள். ஆனா பிள்ளைங்க புகையில இல்லையே இருக்கப்போறது, சீட்லதானே."

இழுக்கிற கதவின் கீழ்ப்பக்கத்தில் காந்தத்தை வைத்தார். ஈபிள் கோபுரம் விழுந்தது. இன்னொரு இடத்தில் வைத்தார். அங்கேயும் விழுந்தது. பின்சில்லு டயருக்கு மேலே வைத்தார். பிரான்சுக்கே அவமானம்.

"காந்தம் பழசு போல," என்றார் அங்கிள்.

அக்கா காந்தத்தை அங்கிளின் கேற்றில் வைத்தார். டப்பென்று ஒட்டியது. பிறகு பெனரை விரித்து வானுக்கு அடியில் போய்விட்டார். வெளியே இரண்டு செருப்பு மட்டும் தெரிந்தது. உள்ளே இருந்து ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டுகிற சத்தம். டங், டங், டங். நல்ல இரும்பு. டங், டங், தொப்.

அந்தத் தொப்புக்கு அங்கிள் ஃபைலை மூடினார்.

அவர் கீழே இருக்கும்போது அவருடைய கதையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு துஷ்யந்தியிடம் கேட்டறிந்தது. ரஜனி அக்கா ஒரு கராஜில் பில் எழுதுகிற கிளார்க்காகத்தான் வேலைக்குப் போனார். தகடு ஒட்டுகிற டிங்கர் வேலை செய்கிறவர்கள் வந்து, "கீழ எல்லாம் போச்சு, எழுதுங்க மிஸ்," என்பார்கள். எல்லாம் என்றால் என்ன என்று ஒருநாள் இவருக்குச் சந்தேகம் வந்து, சாரியைச் செருகிக்கொண்டு கீழே போய்ப் பார்த்திருக்கிறார். பாதிதான் போயிருந்தது. மீதிப் பாதி பொய். அன்றிலிருந்து தான் கண்ணால் பார்க்காத எதையும் எழுதமாட்டேன் என்று நின்றிருக்கிறார். அங்கே ஹியூபேட் என்றொரு டிங்கர் பாஸ், அதாவது கைதேர்ந்த தொழிலாளி. அவர் ஒட்டிய தகடு சரியில்லை என்று அக்கா மூன்று தரம் ஜொப் கார்ட்டைத் திருப்பி அனுப்ப, நாலாம் தரம் அவர் தகட்டையும் ஒழுங்காக ஒட்டி, கல்யாணத்துக்கும் கேட்டிருக்கிறார். இப்போது இருவருக்கும் கொட்டாஞ்சேனையில் சொந்தப் பட்டறை. அவர் ஒட்டுவார், இவர் தட்டிப் பார்ப்பார். வீட்டில் தோசைக்கல்லைக்கூட இவர் திருப்பித் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவாராம்.

சரி, அக்கா வெளியே வந்தார். தலைமுடியில் செம்மண் நிறத்தில் தூள்.

"அங்கிள், எஞ்சின் பக்கம் நல்லம். செசிக்கும் பிரச்சினை இல்ல. ஆனா நடு சீட்டுக்குக் கீழ தரை இல்ல. பெயின்ற்தான் இருக்கு. பெல்ட்டைப் பிடிக்கிற ஆணி அந்த இடத்திலதான் இருக்கு."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? போன ஏப்ரல் யாழ்ப்பாணம் போய் வந்தனாங்கள்!"

"அது உங்கட அதிர்ஷ்டம் அங்கிள். வான்ட கெட்டித்தனம் இல்ல."

அங்கிளுக்கு வந்ததே கோபம். கதவை இழுத்துத் திறந்தார், ஏறினார், நடு சீட்டில் உட்கார்ந்தார். "இதுவோ தரை இல்லை? இதுவோ?" என்று வலது காலால் ஒரு மிதி மிதித்தார். இரண்டாவது மிதிக்குக் கால் நிற்கவில்லை.

நான் பின்னால் நின்றேன். வானுக்கு அடியில், பெனரில் இருந்த மாஸ்டரின் நெற்றிக்கு நேராக, பாட்டா செருப்போடு ஒரு கால் வந்து இறங்கியது. கணுக்கால், முழங்காலில் பாதி, மடித்த வேட்டிக்கரை எல்லாம் சேர்த்து.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆட்டோ லேனுக்குள் வந்தது. சாரதி நிறுத்தி, குனிந்து பார்த்து, மிக மரியாதையாகச் சிங்களத்தில், "மாத்தயா, ஓக ப்ரேக் எகத?" என்று கேட்டான். ஐயா, அதுவா பிரேக் என்று. கேட்டுவிட்டுப் போய்விட்டான். சரோஜினிதேவி ஆன்டி வடைத்தட்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தோம். இல்லை.

காலைக் கவனமாக மேலே இழுத்து எடுத்தோம். சின்னக் கீறல்தான், மருந்து போட்டாயிற்று. ரஜனி அக்கா உள்ளே ஏறி, இற்றுக் கிழிந்த கார்ப்பெட்டைத் தூக்கினார். அதற்கடியில் அதேபோல இன்னொரு கார்ப்பெட். அதற்கும் அடியில், சீட்டின் கால்களுக்கு நடுவே, ஒரு சிவப்புச் சீலைப் பை. ஈரமாக, கனமாக, சொட்டிக்கொண்டு.

"இது என்ன ஆன்டி?"

ஆன்டி தயங்கினார். "உப்பு, பிள்ளை."

"உப்பா?"

"கண்ணூறு படாமல் இருக்க. வான் எடுத்த அண்டைக்கு வச்சனான். ரெண்டு மூண்டு மாதத்தில உப்பு கரைஞ்சு பை தட்டையாப் போயிடும். அவ்வளவு கண்ணூறு இந்த லேனில! நான் விடுறேல்லை, திருப்பியும் நிரப்பிப்போடுவன்."

"எத்தனை வருஷமா?"

"பதினெட்டு."

ரஜனி அக்கா அப்படியே சீட்டில் உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு வருடம். கடல்காற்றின் ஈரத்தை உறிஞ்சிய உப்பு, தண்ணீராகி, தகட்டில் இறங்கி, தின்று, திரும்பவும் நிரப்பப்பட்டு, திரும்பவும் தின்று.

"ஆன்டி, கடல் அங்கதான் இருக்கு. வாளியில அள்ளி ஊத்தியிருந்தாக்கூட இவ்வளவு கெட்டிருக்காது."

"மேல்மாடி ஆக்கள்தான் ஒவ்வொருநாளும் வானைப் பார்த்துக்கொண்டு நிக்கிறவை," என்று ஆன்டி முணுமுணுத்தார்.

மேல்மாடி எங்கள் வீடு.

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் துஷ்யந்தி மெதுவாகக் கேட்டார். "ரஜனி அக்கா, ஒரு தகடு வச்சி, பட்டி பூசி, இந்த ஒரு தவணைய ஓட்டிக்கலாமா? லீவுல நல்லா செஞ்சிக்கிறேன். திங்கக்கிழம பதினொரு புள்ளைங்க அக்கா. சொல்லிட்டேன்."

அக்கா ஸ்குரூ டிரைவரை ஓவரோலில் துடைத்தார்.

"உன் மகளும் இதிலதானே ஸ்கூல் போவா?"

"ஓமக்கா. ரெண்டாம் வகுப்பு."

"எந்த சீட்ல வைப்ப?"

"முன்னுக்கு. எனக்குப் பக்கத்துல."

"அப்ப இந்த நடு சீட்ல யாரு பிள்ளை?"

துஷ்யந்தி தலையைக் குனிந்துகொண்டார். அக்கா குரலை உயர்த்தவே இல்லை. நாளைக்கு மழை வருமா என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

ஆனால் அந்தக் கேள்வி விழுந்தது வேறொருவர் மேலும். சிவபாலன் அங்கிள் படியில் உட்கார்ந்து காலுக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தவர், ஒட்டுவதை நிறுத்திவிட்டார். ஏப்ரலில் லண்டனில் இருந்து வந்த பேரப்பிள்ளைகள் இரண்டும் யாழ்ப்பாணம் வரைக்கும் இருந்தது அந்த நடு சீட்டில்தான். நன்றாகத் துள்ளிக்கொண்டு.

"சரோ," என்றார்.

"ம்."

"ரெண்டும் அதிலதான் இருந்ததுகள்."

"தெரியும்."

அங்கிள் போனை எடுத்தார். பின்னேரம் ஒரு தரகர் வருவதாக இருந்தாராம். பார்க்காமலே எடுக்கிறேன் என்று சொன்ன ஆள். "தம்பி, நீர் வரவேண்டாம். வான் விக்கேல்லை. ஏனோ? தரை இல்லை. ஓம், தரை. எனக்கும் இப்பதான் தெரியும்." வைத்துவிட்டு ரஜனி அக்காவிடம் திரும்பினார். "பிள்ளை, உம்மட மனுசன் எத்தினை நாளில செய்வார்?"

"அழுகினதை எல்லாம் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கணும். பெல்ட் ஆணிக்குக் கீழ தடிச்ச தகடு. கதவுப் பக்கமும் பட்டியைச் சுரண்டிட்டுச் செய்யணும். மூணு கிழமை. அவர் ரெண்டு எண்டு சொல்லுவார், நம்பாதீங்க. முடிஞ்சதும் நான் தட்டிப் பார்ப்பேன்."

"செய்யட்டும். செலவு என்ர. துஷ்யந்திப் பிள்ளை, செய்து முடிஞ்சாப்பிறகு நீர்தான் எடுக்கவேணும். வேற ஆருக்கும் குடுக்கமாட்டன்."

துஷ்யந்திக்குச் சந்தோஷம்தான். ஆனால் திங்கட்கிழமை? மூன்று கிழமைக்கு, இருபத்தொரு நாளுக்கு, பெற்றோர்கள் பொறுப்பார்களா? என்ன சொல்வது என்று போனை வைத்துக்கொண்டு முழித்தார். ஒருதரம் எழுதினார், அழித்தார். காய்ச்சல் என்று சொல்லவா, லைசன்ஸ் தொலைந்தது என்று சொல்லவா என்று யோசித்தார்.

"உள்ளதை அனுப்பு," என்றார் ரஜனி அக்கா.

நான் எடுத்திருந்த ஒரு படம் என்னிடம் இருந்தது. வானுக்கு அடியில் அங்கிளின் கால். அங்கிளிடம் கேட்டோம். "முகம் இல்லைத்தானே? போடுங்கோ," என்றார், கொஞ்சம் பெருமையாகவே. துஷ்யந்தி அதைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கீழே எழுதினார்: "நா எடுக்கப் போற வேன். புள்ளைங்க இருக்கிற சீட்டுக்கு அடியில இப்படி. சரியா செஞ்சிட்டுத்தான் ஓட்டுவேன். மூணு கெழம ஆகும். வேற வேன் பார்க்கிறவங்க பாருங்க, கோவிச்சுக்க மாட்டேன்."

ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. துஷ்யந்திக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு மாளிகாவத்தையில் இருந்து மஸாஹிரா என்ற தாய் முதலில் எழுதினார்: "அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் சுகமா இருக்காரா?" அடுத்தவர்: "மூணு கெழம நாங்க பஸ்ல கூட்டிப் போறோம் மிஸ். செஞ்சிட்டே வாங்க." இன்னொருவர் தன் வீட்டு வானின் கார்ப்பெட்டைத் தூக்கிப் படமே எடுத்து அனுப்பி, "இது கறளா, சேறா?" என்று கேட்டார். ஒரே ஒருவர் மட்டும் தன் மகனை வேறு வானுக்கு மாற்றினார். பத்துப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். எண்ணி முடித்ததும் துஷ்யந்தி ரஜனி அக்காவை அழுக்கு ஓவரோலோடு அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பின்னேரம் வான் கொட்டாஞ்சேனைக்குப் போனது, முன்சீட்டில் அங்கிளோடு. நடு சீட்டில் யாரும் இல்லை.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் பழைய வான் வைத்திருக்கிற, வாங்கப்போகிற, பிள்ளையை அப்படி ஒன்றில் அனுப்புகிற எல்லோருக்கும் இதைப் பகிருங்கள். முடிந்தால் வானை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போய் ரஜனி அக்காவைப் பாருங்கள். ஹியூபேட் பாஸின் பட்டறை என்றால் யாரும் வழி காட்டுவார்கள். போகிறவர்கள் ஒரு உதவியும் செய்யவேண்டும். அங்கே பிளாஸ்டர் ஒட்டிய காலோடு ஒருவர், தகடு எத்தனை அங்குலம் என்று அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு ஹியூபேட் அண்ணனின் உயிரை எடுத்துக்கொண்டிருப்பார். ஆன்டி சோறு போட்டுவைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்று சொல்லி, அவரை ஒரு பஸ்ஸில் ஏற்றி வெள்ளவத்தைக்கு அனுப்பிவிடுங்கள்.