டச்சுச் சொல்லை எங்கே உடைப்பது?

அச்சுக்கோர்ப்பவருக்கு மொழி தெரியவேண்டியதில்லை, வரி எங்கே முடிகிறது என்று தெரிந்தால் போதும். இப்படிச் சொல்லித்தான் எண்பதுகளில் ரூ பிலிப்-து-ஜிரார் என்ற பிரெஞ்சுத் தெருவில் ஒரு சின்ன அச்சகத்தில் என்னைச் சேர்த்தார்கள். விளங்காத மொழியில் படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு என் பாடு தெரியும். எனக்கு வந்தவை டச்சு விளம்பரத் தாள்கள். அந்த மொழியில் இரண்டு மூன்று சொற்களை இடைவெளியில்லாமல் ஒட்டிவிடுவார்கள். கம்ப்யூட்டரின் பச்சைத் திரையில் அவை ஊர்ந்து போவதைப் பார்த்தால் கண் தானாகச் சொருகும். வரி முடியுமிடத்தில் நான் சொல்லை உடைத்து ஒரு கோடு போடவேண்டும்.

கட்டிலும் ஜெபமும்

massagebed என்றால் உடம்பு பிடித்துவிடுகிற கட்டில். massa-வோடு வரி முடிய, மிச்ச gebed அடுத்த வரிக்குப் போனது. அசை பார்த்தால் பிழையில்லை. ஆனால் தாள்களைச் சரிபார்க்க வரும் டச்சுப் பெண் அன்னெக்கா கதிரையில் சாய்ந்து சிரித்தார். massa பெருங்கூட்டமாம், gebed ஜெபமாம். பக்கத்து மேசை மரியதாஸ் அண்ணை, மன்னார்க்காரர், எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, கட்டில் வாங்க வந்த சனத்தை முழங்காலிலை இருத்திப்போட்டாய்!"

இல்லாத பறவை

val பொறி, kuil குழி, valkuil பொறிக்குழி. நான் valk-uil என்று உடைத்தேன். valk வல்லூறு, uil ஆந்தை.

அன்று பின்னேரம் எபினே போகும் ரயிலில், மழை வழியும் கண்ணாடிக்கு வெளியே, வல்லூறின் செட்டையும் ஆந்தையின் கண்ணுமாக ஒன்று கூடவே பறந்து வந்தது. சத்தமே இல்லை. விழித்தபோது என் ஸ்டேஷனைத் தாண்டி மூன்று ஸ்டேஷன் போயிருந்தேன். அடுத்த நாள் அன்னெக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"சின்ன வயதில் நானும் அதைக் கண்டிருக்கிறேன், மதாம், ஒருவரும் நம்பவில்லை."

கால் சுற்று

இன்னொரு பிழை வந்தால் கொன்ட்ரா, அதுதான் வேலை ஒப்பந்தம், இல்லை என்று முதலாளி சொல்லியிருந்தார். கொன்ட்ரா இல்லாமல் என் வதிவிடக் காட் புதுப்பிக்க ஏலாது. அந்தக் கிழமைதான் வெந்நீர்க் கொதிகலன் ஒன்றின் கையேட்டை முடித்தேன். அச்சடிக்கப் போகிற பிலிமைக் கட்டி அனுப்ப வைத்தாயிற்று.

மத்தியானம் சோற்றைப் பிசையும்போது, நான் உடைத்த kwarts-lagen கண்முன் மிதந்தது. முதல் பக்கத்தில் kwart தனியாக வந்ததே? அப்படியென்றால் நடுவில் இருக்கிற s பின்சொல்லுக்குரியது. அன்னெக்காவுக்கு போன் எடுத்தேன். kwart-slagen என்றால் கால் சுற்றுகள், திருகாணியை அவ்வளவுதான் திருப்பவேண்டும். என்னுடையது படிகக்கல் அடுக்குகளாம்.

பேசாமல் விட்டிருந்தால் ஒருவேளை யாருமே கண்டிருக்கமாட்டார்கள். நானே போய் முதலாளியிடம் சொன்னேன். அவர் கட்டை அவிழ்த்து அந்த வரியைப் பார்த்தார். பிறகு பிலிமை என் கையில் தந்தார்.

"திருத்துங்கள், திருத்திவிட்டு வந்து கொன்ட்ராவில் கையெழுத்துப் போடுங்கள்."

ஒரு தேத்தண்ணி கேட்டு வாங்கக்கூடத் தெரியாத மொழியை உடைத்து உடைத்தே ஏழு வருசம் சோறு தின்றவள் நான்.