தலை இருக்க வேண்டிய பக்கம்

என் மகள் தலையைப் பிழையான பக்கத்தில் வைக்கிறாள் என்பதை முதலில் கண்டுபிடித்தது நான் அல்ல. நெஞ்சுக்குக் கீழே எதையும் உணர முடியாத ஒரு மனிதர்.

முள்ளந்தண்டு காயப்பட்டவர்கள் மாதக்கணக்கில் தங்கித் தேறும் ஒரு பிரிவில் நான் தாதியாக வேலை செய்கிறேன். அவர் அப்போது அங்கே நோயாளி. முப்பத்தொரு வயது. ஒப்பந்தத்தில் ரக்பி லீக் ஆடியவர். நாங்கள் குடியேறிய இந்த ஊரில் ஃபுட்போல் என்றால் பலருக்கும் அதுதான். பந்தோடு ஓடி வந்த ஒருவனைத் தோளால் இடித்து வீழ்த்தப் போனபோது ஒரே ஒரு கணம் பார்வையைத் தரைக்குத் தாழ்த்தினாராம். உச்சந்தலை அவன் இடுப்பில் மோதியது. இப்போது தோளை உயர்த்துவார், முழங்கையை மடிப்பார். விரல்கள் அசையாது.

சனி, ஞாயிறு பின்னேரங்களில் பெண்களுக்கான லீக் ஆட்டம் தொலைக்காட்சியில் வரும். வர்ணனையாளர்களின் கூச்சல் அவருக்குப் பிடிக்காது, சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பார். அன்று நான் அவருடைய சிறுநீர்ப் பையை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"பிரதர், அந்தப் பன்னிரண்டாம் நம்பரைப் பாருங்கோ," என்றார். "கெட்டிக்காரி. பயமே இல்லை. ஆனால் தலையைத் தவறான பக்கம் வைக்கிறாள்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கவசத்தை இறுக்கிக்கொண்டு எழும்பிக்கொண்டிருந்தாள் என் மகள்.

"எப்பிடிச் சொல்லுறீங்கள்?" என்று கேட்டேன்.

"டக்கிள் செய்யிறவளின், அதுதான் இடிச்சு விழுத்திறவளின் தலை, ஓடி வாறவளின் முதுகுப் பக்கம் இருக்கவேணும். இவள் முன்னாலே கொண்டுபோறாள். எதிராளியின் முழு எடையும் ஒரு நாள் அந்தக் கழுத்திலதான் இறங்கும்."

அது என் பிள்ளை என்று நான் சொல்லவில்லை. பையை மாற்றி, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

மகள் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தில் தொடங்கிய விளையாட்டு அது. எனக்கு முதலில் இருந்தே விருப்பமில்லை. என் மனைவிதான் மழையோ குளிரோ எங்கள் வீடு இருக்கும் பாபடோயிட்டோயில் இருந்து பாபகூரா மைதானம் வரை அவளைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனவள். மைதானத்துக்கு வெளியே நின்று அவள் கத்தும் கத்தலை மற்றப் பெற்றோர் திரும்பிப் பார்ப்பார்கள். விமான நிலையச் சரக்குக் கந்தோரில் நாள் முழுக்க வாய் திறக்காமல் வேலை செய்பவள் இவளா என்று எனக்கே தோன்றும். மகளுக்கு இருபத்திரண்டாவது வயதில் முழுநேர ஒப்பந்தம் கிடைத்தபோது எங்கள் ஆட்களில் ஒரு பெண் இப்படி வந்தது இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் பெருமைப்பட்டேன். ஆனால் ஆட்டங்களின்போது பந்து அவள் கைக்கு வரும் தருணங்களில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வேன். மற்றவர்கள் அவளை இடிப்பதுதான் ஆபத்து என்று நினைத்திருந்தேன். இடிக்கிறவளுக்கும் கழுத்து இருக்கிறது என்பது, தினமும் அப்படிப்பட்ட கழுத்துகளோடு வேலை செய்தும், எனக்கு உறைக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து, மனைவி சேமித்து வைத்திருந்த பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வருடங்களுக்கு முந்திய பதிவுகளில் பிழை இல்லை. இடப்பக்கம் வருபவளை இடத் தோளாலும், வலப்பக்கம் வருபவளை வலத் தோளாலும் மறித்தாள். பிறகு இடத் தோள் மூட்டு விலகிச் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்குப் பிந்திய பதிவுகளில் யார் எந்தப் பக்கமாக வந்தாலும் வலத் தோள்தான் முன்னே போனது. இடத் தோளை ஒளித்து வைக்கிறாள். அதற்கு விலையாகத் தலை குறுக்கே போகிறது. நிறுத்தி, பின்னோக்கி ஓடவிட்டு, மறுபடி பார்த்தேன். பாதிக்கு மேல் அப்படித்தான்.

புதன்கிழமை அவள் சாப்பிட வந்தபோது சொன்னேன். அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள். பயிற்சியாளருக்குத் தெரியும், சரிப்படுத்திக்கொண்டிருக்கிறோம், நீங்கள் ஆட்டமே பார்க்கிறதில்லையே, இது எங்கே இருந்து வந்தது?

"வேலையில ஒராள் சொன்னார்."

"நோயாளியா?"

அவள் கறியைப் பிசைந்துகொண்டு, "அப்பா, உங்கட வார்ட்டில தோத்த ஆக்கள் மட்டும்தான் இருக்கினம்," என்றாள். இப்படியானவற்றை மட்டும் தமிழில் சொல்லுவாள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை நானும் மைதானத்துக்குப் போனேன். வெயில் எறித்த நல்ல நாள். இரண்டாம் பாதியில், எங்களுக்கு நேர் எதிரே, கனத்த உடம்புக்காரி ஒருத்தி பந்தோடு உள்நோக்கி வெட்டி ஓடினாள். மகள் வலத் தோளைக் கொடுத்தாள். தலை குறுக்கே போனதை நான் கண்டேன். இருவரும் விழுந்தார்கள். மற்றவள் எழும்பினாள்.

மகள் முகம் குப்புறக் கிடந்தாள். என் பக்கத்தில் மனைவியின் குரல் பாதியில் நின்றது. நான் மகளின் கால்களை மட்டும் பார்த்தேன். ஒரு சப்பாத்து, பிறகு மற்றது, சற்று அசைந்தது. மூச்சு விட்டேன். ஆனால் கைகள் இரண்டும் புல்லில் விரித்தபடி அப்படியே கிடந்தன. மருத்துவக் குழு ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டது. நான்கு நிமிடமளவில் அவள் எழுந்து உட்கார்ந்தாள், பிறகு நின்றாள். கூட்டம் கைதட்டியது. வெளியே கொண்டுபோய்த் தலை அடிக்கான பரிசோதனை செய்தார்கள், அதில் தேறிவிட்டாள். தோளில் ஒரு சின்ன அடி என்று சொன்னாளாம்.

அடுத்த நாள் காலை வீட்டுக்கு வந்தாள். மனைவி இடியப்பம் அவித்திருந்தாள். மகள் தேநீர்க் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே, விரல்களைப் பாவிக்காமல், தூக்கினாள். அப்படிக் கோப்பை தூக்குகிறவர்களை எனக்குத் தெரியும். நான் சாப்பாட்டை நிறுத்தினேன்.

"கண்ணை மூடு," என்றேன்.

"ஏன்?"

"மூடு, குஞ்சு."

மூடினாள். பல்லுக் குத்தும் குச்சி ஒன்றையும் சிறு பஞ்சுத் துண்டையும் எடுத்தேன். ஒவ்வொரு விரலாகத் தொட்டு, கூரா மெதுவா என்று கேட்டேன். பெருவிரலில் குச்சியால் குத்தினேன், "மெது" என்றாள். ஆட்காட்டி விரலில் பஞ்சை வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. "இன்னும் தொடேல்லையா?" என்று கேட்டாள். மற்றக் கையிலும் அதேதான்.

மனைவி அடுப்படியில் கரண்டியோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேற்று விழுந்தபோது கை எரிஞ்சதா?" என்று கேட்டேன்.

"ஓம்."

"ஒரு கையா, ரெண்டுமா?"

கண்ணைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்து, எந்தப் பதில் மோசமானது என்று கண்டுபிடிக்க முயன்றாள். "ரெண்டும்," என்றாள். "நெருப்பு மாதிரி. கொஞ்ச நேரம்தான், அப்பா."

ஒரு கை எரிந்தால் அநேகமாக ஏதோ ஒரு நரம்பு நசிந்திருக்கும். இரண்டு கையும் எரிந்தால் முள்ளந்தண்டுக்குள் ஓடும் வடமே நசிந்திருக்கிறது. அதை அவளிடம் சொன்னேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போவோம், கழுத்து அசையாமல் இருக்க நான் கழுத்துப்பட்டி கொண்டு வருகிறேன் என்றேன். அவள் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். அடுத்த சனி அரையிறுதி. இரண்டே இரண்டு ஆட்டம். அது முடியட்டும், நானே போய்ச் சொல்லுவேன், சத்தியமாக, என்றாள். கார்ச் சாவியை மேசையில் இருந்து எடுக்க மூன்று தரம் முயன்றாள். வாசலை மறித்து நின்றேன். "நான் சின்னப்பிள்ளை இல்லை, அப்பா," என்றாள். விலகினேன். அந்தக் கழுத்தோடு அவளைக் கார் ஓட விட்டது நான் செய்த பெரிய பிழை.

மனைவி அழுதாள். "இஞ்சாருங்கோ, நீங்கள் ஆஸ்பத்திரியை வீட்டுக்குள்ள கொண்டுவந்திட்டியள். பத்து வருசம் அவள் ஓடினது இந்த ரெண்டு மட்ச்சுக்குத்தான்."

பின்னேர வேலைக்குப் போனேன். லீக் ஆடிய அந்த மனிதரைப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கும் நேரம். திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்தபின் அங்கேயே நின்றேன். "அந்தப் பன்னிரண்டாம் நம்பர் என்ர மகள்," என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தபடியே கதைத்தார். "நேற்று விழுந்ததைப் பார்த்தேன்," என்றார். "கை எரிந்ததாமா?"

"ரெண்டும்."

"எனக்கும் எரிந்தது. மூன்று தரம். முதல் தரம் பயந்தேன். இரண்டாம் தரம் அது போய்விடும் என்று தெரியும். மூன்றாம் தரம், இந்தக் காயத்துக்கு இரண்டு கிழமைக்கு முன், உடை மாற்றும் அறையில் சப்பாத்துக் கயிறு கட்ட முடியாமல் இருந்தேன். பக்கத்தில் இருந்தவன் கண்டான். சொல்லாதே என்றேன். அவன் நல்ல நண்பன். சொல்லவில்லை."

பிறகு, "என்னைப் பார்க்க அவன் இங்கே இன்னும் வரவில்லை," என்றார்.

நான் படிக்கட்டுப் பக்கம் போய் மனைவிக்கு அழைத்தேன். அணியின் மருத்துவருடைய இலக்கம் எங்கள் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் இருந்தது. வாசித்துச் சொல்லும்படி கேட்டேன். அவள் ஒவ்வொரு இலக்கமாக, ஏதோ தண்டனையை வாசிப்பவள் போல, மெதுவாகச் சொன்னாள். நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

மருத்துவர் ஒரு பெண். நான் சொன்னதை இடையில் குறுக்கிடாமல் கேட்டார். "இரண்டு கையுமா?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே மகளை ஸ்கான் எடுக்கக் கொண்டுபோனார்கள். கழுத்தின் இரண்டு எலும்புகளுக்கு இடையே இருந்த மெத்தை பிதுங்கி வடத்தை அமுக்கிக்கொண்டிருந்தது. இன்னொரு அடி வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "நீங்களா?" நான் "ஓம்" என்று எழுதினேன்.

அதன்பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. கழுத்தின் முன்பக்கமாகத் திறந்து, மெத்தையை எடுத்துவிட்டு, இரு எலும்புகளையும் தகடு வைத்துப் பொருத்தினார்கள். அம்மா மட்டும் அறைக்குள் வரட்டும் என்று சொல்லிவிட்டாளாம். எத்தனையோ பேருடைய பிள்ளைகளை அந்த நிலையில் கவனித்தவன், என் பிள்ளையின் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். போகிற தாதிகளின் முகத்தில் இருந்து ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அரையிறுதியில் அவளுடைய அணி தோற்றது. அவள் பிளாக்ஹவுஸ் பேயில், கூட விளையாடும் இரண்டு பெண்களோடு எடுத்திருந்த வீட்டிலேயே இருந்துகொண்டாள். மனைவி கிழமைக்கு இரண்டு தரம் சமைத்துக்கொண்டு போவாள். திரும்பி வந்து, விரல்களில் உணர்ச்சி வந்துவிட்டது என்றோ, இன்று தானே தலைமுடி பின்னினாள் என்றோ எனக்குச் சொல்லுவாள். வேறொன்றும் சொல்ல மாட்டாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், மனைவி வேலைக்குப் போயிருந்த நேரம், மகள் கதவைத் தட்டினாள். தான் வளர்ந்த வீட்டின் கதவை அவள் தட்டியது அதுதான் முதல் தரம். கழுத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. சப்பாத்தைக் கழற்றாமல் நின்றபடியே, எலும்பு முழுதாகப் பொருந்திவிட்டது, விளையாடலாம் என்று சத்திரசிகிச்சை நிபுணர் எழுதிக் கொடுத்துவிட்டார் என்றாள். இன்னொரு பருவத்துக்குக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

நான் கேட்டேன்: "அவர் வேறென்ன சொன்னவர்?"

"கழுத்தில ஒரு இடத்தைக் கட்டினால் அதுக்கு மேலயும் கீழயும் இருக்கிற இடங்களுக்குப் பாரம் கூடும் எண்டு சொன்னவர். எனக்கு விளங்கினது, அப்பா. விளங்கித்தான் கையெழுத்துப் போட்டனான்." பிறகு ஆங்கிலத்துக்கு மாறினாள். நீங்கள் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை, மன்னிக்கவும் வரவில்லை, இடத் தோளால் டக்கிள் பழகுகிறேன், வந்து பாருங்கள், உங்களுக்கு இப்போது பார்க்கத் தெரியும்.

போனேன். பாபகூராப் பக்கத்து மைதானம் ஒன்றில் பயிற்சியாளர் அவளை ஒருத்தி மாறி ஒருத்தியாக எதிர்கொள்ள வைத்தார். "கண் மேலே! கன்னம் அவளின் பின்பக்கத்தில்!" என்று கத்திக்கொண்டே இருந்தார். இடத் தோள், தலை சரியான பக்கம். மறுபடியும் சரி. மறுபடியும் சரி. ஒரு மணித்தியாலம் போனது. என் தோள்கள் தளர்ந்தன. கடைசியில், எல்லோரும் களைத்திருந்த நேரத்தில், ஒருத்தி திடீரென்று உள்நோக்கி வெட்டினாள். மகளின் வலத் தோள் தானாக முன்னே போயிற்று. தலை குறுக்கே வந்தது. இருவரும் விழுந்து, சிரித்துக்கொண்டே எழும்பினார்கள். பயிற்சியாளர் தண்ணீர்ப் போத்தல்கள் பக்கம் திரும்பியிருந்தார்.

திரும்பி வரும்போது காரில் சொன்னேன். "கடைசி ஒண்டு."

"தெரியும். களைச்சுப்போனன்."

"மட்ச்சிலயும் களைப்பாய், பிள்ளை."

அவள் இரண்டு கையாலும் சுக்கானைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்தபடி காரை ஓட்டினாள்.

இதை எழுதும்வரை நான்கு ஆட்டங்கள் ஆடிவிட்டாள். நான்குக்கும் நான் வேலை மாற்றிக்கொண்டு போனேன். இப்போது கண்ணை மூடுவதில்லை. மனைவி பக்கத்தில் இருக்கிறாள், ஆனால் முன்போலக் கத்துவதில்லை. முதல் மூன்று ஆட்டங்களிலும் பிழை ஒன்றும் காணவில்லை. நான்காவதில், கடைசிப் பத்து நிமிடத்தில், இரண்டு கண்டேன். ஒன்றை மனைவியும் கண்டாள் என்று நினைக்கிறேன். இருவருமே வாய் திறக்கவில்லை.

அடுத்த ஆட்டம் இந்தச் சனிக்கிழமை. வியாழனில் இருந்து மழை என்கிறார்கள். புல் வழுக்கும், பந்தும் வழுக்கும், ஓடி வருகிறவள் எந்தப் பக்கம் வெட்டுவாள் என்று கடைசிக் கணம் வரை தெரியாது.