சந்தனம் பூசிய ஹப்

அன்று வண்டியில் இருந்தவர்கள் நான்கு பேர். ஓட்டியவர் அத்தான். அவர் பக்கத்தில் நான். பின்னால் மஞ்சள் புடவையில் விரதத்தோடு அம்மா, பூப்பையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா. வராதவர் அப்பா. “போன வருஷம் சகதியில தள்ளினது போதும்லா. நான் வேலைக்குப் போறேன். நீங்க பாதி வழியில திரும்பி வந்து சேருங்க” என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அவர் கேலியில் நியாயம் இருந்தது. நான் பல்கலைக்கழகப் படிப்பை முடித்தால், தான் பிறந்த ஜோகூர் தோட்டத்து மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளியைத் தாண்டியதில்லை. பட்டம் வாங்கிய வருடத்துத் திருவிழாவுக்கு அத்தானின் பழைய ஃபோர் வீல் டிரைவில்தான் கிளம்பினோம். செம்பனைத் தோட்டத்துக்குள் சாலையை அறுத்துக்கொண்டு ஓடும் ஓடையில் வண்டி நின்றுவிட்டது. கியருக்குப் பக்கத்துக் குச்சியை இழுத்தால் முன்சக்கரங்களும் தானாகப் பூட்டிக்கொண்டு இழுக்க வேண்டும். சக்கர நடுவில் அந்தப் பூட்டு வேலையைச் செய்யும் தானியங்கி ஹப்புகள் தேய்ந்துபோயிருந்தன. பின்சக்கரங்கள் மட்டும் சேற்றை வாரி இறைத்தன. திரும்பும் வழி முழுக்க அம்மா ஒன்றுதான் சொன்னார்: “என் கடன் அப்படியே நிக்குதுப்பா.”

அத்தான் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். தானாக இயங்கும் எதன்மீதும் அவருக்கு மரியாதை கிடையாது. “லிஃப்ட்டும் தானா நிக்கும்னுதான் சொல்வாங்க மச்சான். அப்புறம் எனக்குத்தான் போன் பண்ணுவாங்க” என்பார். அடுத்த திருவிழாவுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய நண்பரின் பட்டறையில் பழைய ஹப்புகளைக் கழற்றினோம். உள்ளே பற்கள் மழுங்கி, கிரீஸ் கருப்பாக இறுகியிருந்தது. துடைத்து, புது கிரீஸ் தடவி, கையால் திருகிப் பூட்டும் ஹப்புகளை மாட்டினோம். முகப்பில் ஒரு திருகு. ஒரு பக்கம் ‘ஃப்ரீ’, மறுபக்கம் ‘லாக்’. இறங்கிப் போய் இரண்டு சக்கரத்திலும் திருக வேண்டும், அவ்வளவுதான். முடித்ததும் அத்தான் அதைத் தட்டிக்கொடுத்த விதத்தைப் பார்த்தால், பிறந்த பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல இருந்தது.

கிளம்பும் நாள் காலையில், சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக் கீழே அம்மா வண்டிக்குப் பூசை போட்டார். சிராங்கூன் சாலையில் வாங்கிய சந்தனத்தைக் குழைத்துக் கண்ணாடிக்கு வைத்தார். பிறகு, “புதுசா வந்ததுக்கு வைக்காம எப்படி?” என்று இரண்டு ஹப்புகளுக்கும் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். எங்களுக்கும் அது அழகாகத்தான் தெரிந்தது.

போன வருடம் நின்ற அதே ஓடைக்கு இப்பால் புத்தம்புது வண்டிகள் வரிசையாக நின்றன. அவற்றில் வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள். அம்மாவின் முட்டிக்கு அந்தச் சேற்று வழி ஆகாது. பால்குடம் கிளம்பும் நேரமும் நெருங்கிவிட்டது. அத்தான் இறங்கி இரண்டு ஹப்புகளையும் திருகிவிட்டு வந்து, வண்டியை ஓடைக்குள் விட்டார். நடுவில் போனதும் பின்சக்கரங்கள் வழுக்கின. முன்னால் இழுவையே இல்லை.

“அப்பா சொன்ன மாதிரியே ஆச்சு” என்றாள் அக்கா. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

நானும் அத்தானும் தண்ணீரில் குதித்தோம். இடது பக்கம் சந்தனத்தைத் தண்ணீர் கழுவிவிட்டிருந்தது. திருகு ‘லாக்’கில் இருந்தது. வலது பக்கம் சற்று மேடாக நின்றதால் சந்தனம் சுவர்ப்பூச்சுபோலக் காய்ந்து அப்படியே இருந்தது. எழுத்து தெரியவில்லை. இடுக்கில் இறுகிய சந்தனம் திருகைப் பாதியிலேயே நிறுத்தியிருந்தது. ஒரு பக்கம் பூட்டாவிட்டால் விசையெல்லாம் அந்தப் பக்கமே வீணாகச் சுற்றிப் போய்விடும்.

“அத்தே! பொட்டு வச்சீங்களா, சிமெண்ட் போட்டீங்களா?”

“அம்மனுக்கு வைக்கிற மாதிரிதான் வச்சேன் மாப்ளே!”

“அம்மன் திரும்ப வேண்டியதில்லையே. இது திரும்பணும்ல!”

வீட்டுச் சாவியால் சுரண்டினேன். அக்கா குடிதண்ணீர் போத்தலைத் திறந்து ஊற்றினாள். அத்தான் திருகினார். ‘டக்’ என்று கேட்ட அந்தச் சத்தத்துக்கு ஈடாக எந்த மேளமும் எனக்கு ஒலித்ததில்லை. அடுத்த முறை வண்டி உறுமவில்லை, வழுக்கவில்லை. நான்கு சக்கரமும் மண்ணைப் பிடித்து, யானை கரையேறுவதுபோல நிதானமாக ஏறியது. கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அத்தான் தேவையே இல்லாமல் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

அம்மா குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டார். சன்னிதிவரை என்னை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பாலை ஊற்றக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் என் முகத்தை இரு கைகளாலும் வழித்து, “இப்பதான்யா நீ படிச்சு முடிச்ச” என்றார்.

அப்போது அத்தானின் கைப்பேசியில் அப்பா வீடியோவில் அழைத்தார். “எங்கே, திரும்பிட்டீங்களா?” அத்தான் கைப்பேசியைக் கோவில் பக்கம் திருப்பிக் காட்டினார். நாதஸ்வரம், கூட்டம், பால் சிந்திய ஈரப்புடவையில் அம்மா. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அந்த ரெண்டு ஹப்புக்கும் எவ்வளவு ஆச்சு மாப்ளே?”

“முந்நூத்தி எண்பது வெள்ளி, மாமா.”

“பாதி என்னுது. நான் தர்றேன்.”

ஆக, அத்தானுக்குக் கடைசியில் ஆன செலவு நூற்றுத் தொண்ணூறு வெள்ளி.